இரண்டு இடைவெளி

வெள்ளிக்கிழமை மாலை ஆறே காலுக்கு
பெருங்குடியில் ஆறாவது மாடியில்
ஒரே ஒரு கட்டளையைத் தட்டினேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு கோப்புகள்
ஒரே மூச்சில் நகர்ந்து நேராகின,
தேசிய கீதத்துக்கு எழுந்துகொண்ட தியேட்டர் மாதிரி.

அதுவரை அது ஏழு பேர் கையெழுத்து.
செல்வின் அடைப்புக்குறியை அடுத்த வரியில்தான் திறப்பான்.
அஃப்ரோஸுக்கு நான்கு இடைவெளி,
ஹேமாவதிக்கு டேப். அதற்கு மேல் பேச்சில்லை.
மாறிகளுக்குத் தன் பைக்குகளின் பெயரை வைத்தவன்
ஹைதராபாத் போய்விட்டான்; பைக்குகள் இங்கேதான் நிற்கின்றன.
ஒரு அரைப்புள்ளிக்கு நாற்பத்தேழு பதில் எழுதி
ஒரு மாதம் லிஃப்டில்கூடச் சேர்ந்து ஏறாதவர்கள் நாங்கள்.

லோகநாயகி சேர்ந்த மூன்றாம் நாள்
அவள் எழுதிய பதினோரு வரிக்குப்
பத்தொன்பது திருத்தம் வந்தது.
முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.
பத்தொன்பதில் நான்கு என்னுடையவை.
வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று
எட்டாம் வகுப்பில் சிவப்பு மையில் வாங்கியதையெல்லாம்
யாரிடமாவது திருப்பிக் கொடுக்கக்
காத்திருந்தேன் போல.

அதற்குப் பிறகுதான் இந்தக் கருவியைத் தேடிப் பிடித்தேன்.
எந்தக் கல்லூரி என்று அது கேட்காது.
'இதுகூடத் தெரியாதா' என்று
சொல்லத் தெரியாது அதற்கு.
திங்கட்கிழமை காலை, மேலாளர் வரதராஜன் அனுப்பிய மாற்றத்தை
வாசலிலேயே திருப்பிவிட்டது:
வரி எண்பத்தெட்டு. பயன்படாத மாறி.
தளம் முழுக்க ஏ.சி. சத்தம் மட்டும்.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்,
அந்த ஒரு வரியை அழித்தார்,
மறுபடி வரிசையில் வந்து நின்றார்.
லோகநாயகிக்கு வரும் அதே சிவப்பு,
அதே எழுத்தளவு.
அன்று மதியம் அவள் இரண்டு தயிர்வடை வாங்கினாள்.

செவ்வாய் இரவு இரண்டு பத்துக்குப் போன்.
தண்ணீர் லாரி பதிவு செய்கிற செயலி எங்களுடையது.
வேளச்சேரியில் ஒரு தெருவுக்கு இரண்டு லாரி,
பக்கத்துத் தெருவுக்கு
காலிக் குடங்களோடு நிற்கிற பதினெட்டு வீடுகள்.
பிழையான வரியை யார் எழுதியது என்று தேடியிருக்கிறார்கள்.
என் பெயர் வந்தது.
மேல் வரியிலும் என் பெயர், கீழ் வரியிலும்.
கோப்பு முழுக்க, கோப்புகள் முழுக்க என் பெயர்.
நான் எழுதவில்லை சார்,
    இரண்டு இடைவெளி நகர்த்தினேன்,
அவ்வளவுதான்.

திறந்து பார்த்தேன். அழகான வரி.
அடைப்புக்குறிகள் ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் மூச்சுவிட இடம்,
எண்பது எழுத்துக்குள் அடங்கிய நீளம்.
பச்சை விளக்குக் காட்டி
கருவியே வழியனுப்பி வைத்த வரி.
'மூன்றாவது தெரு'வையும் 'மூன்றாவது குறுக்குத் தெரு'வையும்
ஒன்றென்று நம்பிக்கொண்டிருந்தது,
சந்திப்பிழை ஒன்றில்லாத பொய்.

திருத்தி அனுப்பும்போது மணி நாலு இருபது.
துரைப்பாக்கம் விடுதியில் லோகநாயகி விழித்திருந்தாள்,
அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.
புள்ளியைப் பற்றியோ இடைவெளியைப் பற்றியோ
பேச இனி எதுவும் இல்லை.
ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்:
மடிப்பாக்கத்தில் எங்கள் சித்தி வீட்டுத் தெருவுக்குப் பெயரே இல்லையே,
அங்கே லாரி எப்படி வரும்?

சன்னலுக்குக் கீழே
ரிவர்ஸ் எடுக்கும் ஏதோ வண்டி கத்திக்கொண்டிருந்தது.
யோசித்து இன்னும் ஒன்பது வரி சேர்த்தேன்.
சிவப்பு.
கோப்பின் கடைசியில்
ஒரு வெற்று வரி விட வேண்டுமாம்.

விட்டேன்.